டாக்டர் எந்த ஓ.பி.யில் சீட்டு போடுவார்?

அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டுக்குப் பெயர், வயது, ஊர், தொழில் என்று நாலைந்து விவரம்தான் கேட்பார்கள். குடியை விட வேண்டும் என்று வருகிற கொத்தனாரோ லாரி டிரைவரோ அதைச் சொல்லிவிட்டு வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார். அதே வரிசையில் நாற்பது வயது சர்ஜன் ஒருவர் வந்து நின்றால், தொழில் என்ன என்று கேட்கும்போது என்ன சொல்வார்? உள்ளே இருக்கும் மனநல மருத்துவர் கல்லூரியில் அவருக்கு இரண்டு பேட்ச் ஜூனியராக இருப்பார். ரத்தம் எடுக்கும் சிஸ்டர் ஒரு காலத்தில் அவருடைய தியேட்டரில் வேலை பார்த்தவராக இருப்பார். ராத்திரிக்குள் விஷயம் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பைத் தாண்டி, அவர் கேஸ் பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரி முதலாளியின் காதுவரை போய்விடும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால் அவர் வருவதில்லை.

போதைப் பழக்கத்துக்கு ஆளான டாக்டர்கள் சிகிச்சைக்கு மிகத் தாமதமாகத்தான் வந்து சேருகிறார்கள். ஆனால் வந்து சேர்ந்துவிட்டால் மிக நன்றாகத் தேறுகிறவர்களில் அவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஐந்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது, சிகிச்சைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் லைசென்ஸோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர்களுக்கு மனஉறுதி அதிகம் என்று இதற்கு அர்த்தம் சொன்னால் தப்பு. பிழைப்பு போய்விடாமல் உள்ளே வர அங்கே ஒரு வழி இருந்தது. வந்த பிறகு ஐந்து வருடம் விடாமல் கூடவே வந்த ஓர் அமைப்பும் இருந்தது. நம்மிடம் நல்ல சிகிச்சை மையங்கள் உண்டு, நல்ல மனநல மருத்துவர்கள் உண்டு. அந்த வழிதான் இல்லை.

பிஜி ரூமில் தொடங்குவது

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு ஒன்று மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி 2024-ல் அறிக்கை கொடுத்தது. 25,590 எம்.பி.பி.எஸ். மாணவர்களும் 5,337 பிஜி மாணவர்களும் ஆன்லைன் கணக்கெடுப்பில் பதில் சொல்லியிருந்தார்கள். எம்.பி.பி.எஸ். மாணவர்களில் கால் பங்குக்கு மேல் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்ன பிஜி மாணவர்கள் 31 சதவீதம். பிஜிக்களின் வேலை நேரம் வாரத்துக்கு 74 மணியைத் தாண்டக் கூடாது, வாரம் ஒருநாள் லீவு வேண்டும், ஏழெட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. இதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு விஷயம் உண்டு. வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 1992-லேயே மத்திய அரசின் உத்தரவு இருக்கிறது. எந்த அட்மிஷன் டேயில் எந்த யூனிட் அதை மதித்தது என்று பிஜிக்களைக் கேட்டால் தெரியும்.

முப்பத்தாறு மணி நேரம் டூட்டி பார்த்துவிட்டு ரூமுக்கு வருகிறவனுக்கு உடம்பு கெஞ்சும், தூக்கம் வராது. பையில் மெடிக்கல் ரெப் கொடுத்த சாம்பிள் இருக்கும். அல்பிரசோலம் அரை மாத்திரை. அப்புறம் ஒன்று. காலை ரவுண்ட்ஸுக்குக் கண் திறக்க வேறு ஏதாவது. லீவு கிடைக்கும் ராத்திரியில் நண்பர்களோடு பாட்டில். பெரும்பாலும் கதை இப்படி மதுவில்தான் நிற்கிறது. தூக்க மாத்திரைகளும் வலி ஊசிகளும் அதற்கு அடுத்தபடி. மருந்தின் டோஸ் தெரியும் என்பதே டாக்டருக்கு எமனாகிறது. 'எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியும்' என்று அவர் உண்மையிலேயே நம்புகிறார். பார்மகாலஜியில் அவர் வாங்கிய மார்க் அவருடைய மூளைக்குத் தெரியாது.

கல்லூரி நிர்வாகங்களுக்கு இதில் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. ஹாஸ்டலில் கஞ்சா சிக்கினால் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு எழுதி வாங்கிக்கொண்டு சஸ்பெண்ட் செய்வது. போலீஸுக்குப் போகாமல் முடித்தால் பெருந்தன்மை. அந்தப் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். மூன்று மாதம் கழித்து எந்தச் சிகிச்சையும் இல்லாமல், இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒளிக்கக் கற்றுக்கொண்டு திரும்பி வருகிறான். ஐந்தரை வருடம் நோய்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி, தன் மாணவனுக்கு வந்த நோயை மட்டும் ஒழுங்கு நடவடிக்கைக் கமிட்டியிடம் அனுப்பிவைக்கிறது.

ஆம்ப்யூல் கணக்கு

அனஸ்தீசியாக்காரர்களின் நிலைமை தனி. மற்ற டாக்டர்கள் மருந்தை எழுதுகிறார்கள், நர்ஸ் போடுகிறார். அனஸ்தீசியாவில் எடுப்பதும் போடுவதும் கணக்கு எழுதுவதும் ஒரே கை. ஃபென்டனில் என்ற வலி மருந்து இரண்டு மில்லி ஆம்ப்யூலில் 100 மைக்ரோகிராம் இருக்கும். கேஸுக்கு எழுபது போனால் மீதி முப்பதைச் சாட்சி ஒருவர் பார்க்கக் கொட்டிவிட்டு, பதிவேட்டில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இரட்டைப் பூட்டு அலமாரி, காலி ஆம்ப்யூலைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது என்று விதிகள் இருக்கின்றன. பத்து கேஸ் லிஸ்ட் ஓடும் காலையில் அந்தச் சாட்சிக் கையெழுத்து எப்படிப் போடப்படுகிறது என்பது தியேட்டருக்குள் நின்றவர்களுக்குத் தெரியும். எல்லாம் முடிந்ததும் மொத்தமாக, பேசிக்கொண்டே.

முதலில் கண்டுபிடிக்கிறவர் பெரும்பாலும் தியேட்டர் சிஸ்டர். யாருக்கும் வேண்டாத நீளமான கேஸை ஒருவர் தானாகக் கேட்டு வாங்குகிறார். 'நீங்க டீ குடிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்' என்று மற்றவர்களை அடிக்கடி வெளியே அனுப்புகிறார். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. உடைந்த ஆம்ப்யூல்கள் இவர் டூட்டியில் மட்டும் கூடுகின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம் ரெகவரி ரூமில் கிடைக்கும். சார்ட்டில் போதுமான வலி மருந்து போட்டதாக எழுதியிருக்கும், நோயாளி வலியில் துடித்துக்கொண்டிருப்பார். அவருக்குப் போக வேண்டிய மருந்து வேறொரு ரத்தக்குழாய்க்குள் போயிருக்கிறது.

அமெரிக்காவில் 1975 முதல் 2009 வரை அனஸ்தீசியா படித்த ரெசிடெண்டுகள் 44,612 பேருடைய விவரங்களை அலசிய ஆய்வு 2013-ல் வெளியானது. படிப்புக் காலத்தில் போதைப் பழக்கம் வெளியே தெரிந்தவர்கள் 384 பேர். நூற்றில் ஒருவர்கூட இல்லை. ஆனால் அந்த 384 பேரில் 28 பேர் படித்து முடிக்கும் முன்பே அந்தப் பழக்கத்தால் இறந்துபோனார்கள். முதல் அறிகுறியே மரணமாக இருப்பது இந்தத் துறையில் உண்டு. சில வாரம் நிறுத்தி வைத்தவர் பழைய டோஸையே மறுபடி போட்டுக்கொண்டால், இடைப்பட்ட காலத்தில் தாங்கும் சக்தியை இழந்த உடம்பு மூச்சை நிறுத்திவிடுகிறது.

ஒரு மேதையின் ரகசியம்

நவீன அறுவை சிகிச்சையின் தந்தையரில் ஒருவர் வில்லியம் ஹால்ஸ்டெட். இன்று தியேட்டரில் எல்லாரும் ரப்பர் கையுறை போடுவதற்கு அவர்தான் முக்கியமான காரணம். 1884-ல் கண் அறுவைக்குக் கொக்கெயின் சொட்டு விட்டால் வலி தெரியாது என்று வியன்னாவின் கார்ல் கோலர் கண்டுபிடித்த செய்தி நியூயார்க்குக்கு வந்தது. ஹால்ஸ்டெட்டும் அவருடைய சகாக்களும் நரம்புக்குள் அதைச் செலுத்தினால் என்ன ஆகும் என்று ஒருவர்மேல் ஒருவர் சோதித்துப் பார்த்தார்கள். பல்டாக்டர்கள் இன்று தாடைக்கு மரப்பூசி போடுவது அந்தச் சோதனைகளின் பலன். சோதித்தவர்களில் சிலர் மீளவே இல்லை. ஹால்ஸ்டெட் கொக்கெயினுக்கு அடிமையானார். 1886-ல் பிராவிடன்ஸ் நகரின் பட்லர் மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே கொக்கெயினை மறக்கடிக்க மார்ஃபின் கொடுத்தார்கள். அந்தக் கால வைத்தியம் அப்படி.

அவரைக் கைவிடாமல் பால்டிமோருக்கு அழைத்துப்போனவர் நண்பர் வில்லியம் வெல்ச். 1889-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தது. ஹால்ஸ்டெட் அதன் தலைமை அறுவை நிபுணரானார், ஒரு தலைமுறை சர்ஜன்களை உருவாக்கினார். மார்ஃபின் அவரை விட்டுப் போகவில்லை. அவருடைய சகா வில்லியம் ஆஸ்லர் இதைத் தெரிந்துகொண்டு ரகசியக் குறிப்பாக எழுதி மூடி வைத்தார். அந்தக் குறிப்பு வெளியே வந்தது 1969-ல், ஹால்ஸ்டெட் இறந்து 47 வருடம் கழித்து.

ஹால்ஸ்டெட் விட்டுப்போன இன்னொரு சொத்து ரெசிடென்சி முறை. ஆஸ்பத்திரியிலேயே தங்கி, இரவு பகல் பார்க்காமல், வருடக்கணக்கில் வேலை செய்துதான் சர்ஜன் ஆக வேண்டும் என்று வகுத்தவர் அவர். உலகம் முழுக்க இளம் டாக்டர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும் அந்த முறையை உருவாக்கியவர், தினமும் மார்ஃபின் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர். அவர் மார்ஃபினால்தான் அப்படி வகுத்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 'நாங்கள் எல்லாம் அப்படித்தான் படித்தோம்' என்று பெருமை பேசும் சீஃப்கள் இந்த வரலாற்றையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு டாக்டரின் கதை வேறு மாதிரிப் போனது. ஒஹையோவின் ஆக்ரான் நகரில் பாப் ஸ்மித் என்ற சர்ஜன். குடியால் நோயாளிகளும் பணமும் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. 1935-ல் பில் வில்சன் என்ற, குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆன வியாபாரி ஒருவரைச் சந்தித்தார். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். ஸ்மித் குடிப்பதை நிறுத்தினார். ஜூனில் அமெரிக்க மருத்துவச் சங்க மாநாட்டுக்கு அட்லான்டிக் சிட்டி போனார், அங்கே மறுபடி குடித்துக் கவிழ்ந்தார். திரும்பி வந்ததும் ஓர் ஆபரேஷன் காத்திருந்தது. கை நடுங்காமலிருக்க வில்சனே அவருக்கு ஒரு பீர் கொடுத்து அனுப்பினார். இன்றைக்கு நாம் தலையில் அடித்துக்கொள்வோம். அதுதான் ஸ்மித் குடித்த கடைசி மது. 1950-ல் இறக்கும்வரை அவர் மறுபடி தொடவில்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., பிறந்தது இப்படி. டாக்டர்களுக்கென்றே அதன் கிளைபோன்ற ஓர் அமைப்பு 1949-ல் தொடங்கி இன்றும் நடக்கிறது.

அட்லான்டிக் சிட்டியை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊர் மருத்துவ மாநாடுகளின் பேங்க்வெட் இரவுகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பகலில் கல்லீரல் அழற்சி பற்றி ஸ்லைடு போட்டவர் ராத்திரி கையில் கிளாஸோடு நிற்பார். டாஸ்மாக் வாசலில் நிற்கிறவரைக் குடிகாரர் என்கிறோம். ஃபைவ் ஸ்டார் லானில் நிற்கிறவரை நல்ல கம்பெனி என்கிறோம். ஸ்மித்துக்கு அன்று தேவைப்பட்டது, குடிக்காமல் உட்கார ஒரு மேஜை. நம் மாநாடுகளில் அப்படி ஒன்றைப் போட எவ்வளவு செலவாகிவிடும்?

வாயை மூடிக்கொள்ளும் நண்பர்கள்

ஒரு மாவட்டத் தலைநகரில் கணவனும் மனைவியும் டாக்டர்கள், கீழே நர்சிங் ஹோம், மேலே வீடு என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேன் மெஷினுக்கு வாங்கிய பேங்க் லோன் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கேஸ் பார்க்கும் நிலையில் இல்லை என்பது மனைவிக்குத் தெரியும். 'சார் ஊர்ல இல்ல' என்று சொல்லச் சொல்லி ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணைப் பழக்கியிருப்பார். அவரை ஒரு மாதம் எங்காவது சேர்த்தால் ஓ.பி. யார் பார்ப்பது, இ.எம்.ஐ. யார் கட்டுவது? ஊருக்குள் ஒரே பேச்சாகிவிட்டால் நோயாளி யார் வருவார்? அந்த அம்மாவுக்கு வைத்தியம் தெரியாமல் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் மறைப்பதுதான் மலிவாகத் தெரிகிறது. ஒரு நாள் ஒரு சிசேரியனில் எல்லாம் வெளியே வரும்வரை.

பெரிய ஆஸ்பத்திரியில் மௌனத்துக்குக் காரணம் வேறு. சீஃப் காலையில் வாசனையோடு வருகிறார் என்பது யூனிட் முழுக்கத் தெரியும். தீசிஸில் கையெழுத்து அவர் கையில், பிராக்டிகல் மார்க் அவர் கையில். எந்தப் பிஜி வாயைத் திறப்பான்? அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் லிஸ்டை மெதுவாகத் தன் பக்கம் மாற்றிக்கொண்டு விசுவாசமாக இருந்துவிடுகிறார். விஷயத்தை மேலே சொன்னால் நடக்கப்போவது விசாரணை, மெமோ, பேப்பரில் செய்தி. சிகிச்சை என்ற வார்த்தை அந்த ஃபைலில் எங்கேயும் வராது. ஒருவரைத் தண்டனைக்குப் பிடித்துக்கொடுப்பதா, கண்டும் காணாமல் இருப்பதா என்று இரண்டே வாசலை மட்டும் திறந்து வைத்தால், நல்லவர்கள் இரண்டாவதில்தான் நுழைவார்கள்.

அவர்கள் போட்ட மூன்றாவது வாசல்

அமெரிக்க மருத்துவச் சங்கம் நோயுற்ற மருத்துவர்களைப் பற்றிய தன் அறிக்கையை 1973-ல் வெளியிட்டது. சக டாக்டர் தடுமாறுவதைப் பார்த்தால் சும்மா இருப்பது தொழில் தர்மம் ஆகாது, அவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அது பேசியது. அதன் பிறகு மாநிலம் மாநிலமாக டாக்டர்களுக்கான நலத்திட்டங்கள் முளைத்தன. விமானிகளுக்கு இதே மாதிரி ஒரு திட்டம் அங்கே 1974-லேயே தொடங்கிவிட்டது. அதில் தேறிய பைலட்டுகள் மறுபடி விமானம் ஓட்டுகிறார்கள்.

நடைமுறை இப்படி. டாக்டர் தானே போன் செய்யலாம், அல்லது மனைவியோ சகாவோ ஆஸ்பத்திரியோ தெரிவிக்கலாம். உடனே வேலையிலிருந்து விலகி, நிபுணர் குழுவிடம் சில நாள் பரிசோதனை. பழக்கம் உறுதியானால் உள்நோயாளியாகச் சிகிச்சை, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம். பிறகு ஐந்து வருட ஒப்பந்தம். தினமும் காலையில் போன் செய்தோ ஆப்பில் பார்த்தோ அன்று பரிசோதனை உண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் வந்தால் அன்றே சிறுநீரோ ரத்தமோ கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாளைக்கு முன் குடித்ததைக்கூடச் சிறுநீரில் காட்டும் சோதனைகள் இருக்கின்றன, ரத்தத்தில் இன்னும் பல நாள் பின்னோக்கிப் பார்க்கலாம். வேலையிடத்தில் ஒரு கண்காணிப்பாளர், வாரந்தோறும் குழுக் கூட்டம். அனஸ்தீசியாக்காரர்களுக்கு, ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு போட்டாலும் ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோனைக் கட்டாயமாக்கும் இடங்களும் உண்டு. தானாக வந்து ஒப்பந்தப்படி நடக்கிறவரின் பெயர் பல மாநிலங்களில் லைசென்ஸ் போர்டுக்குப் போவதே இல்லை. சோதனையில் சிக்கினால் அன்றே தியேட்டரிலிருந்து வெளியே, தேவைப்பட்டால் போர்டுக்கும் தகவல்.

இப்படி 16 மாநிலத் திட்டங்களில் சேர்ந்த 904 டாக்டர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. கடைசிவரை கணக்கில் இருந்த 802 பேரில், ஐந்து வருடம் கழித்து லைசென்ஸோடு வேலை பார்த்தவர்கள் 631 பேர். 87 பேர் லைசென்ஸை இழந்திருந்தார்கள். 30 பேர் இறந்திருந்தார்கள்.

இதைப் புகழ்ந்துகொண்டே போவதும் சரியில்லை. அங்கே இந்தத் திட்டங்கள்மேல் கடுமையான குறைகள் சொல்லப்படுகின்றன. செலவு முழுக்க டாக்டர் தலையில் விழுகிறது. மறுத்தால் லைசென்ஸ் போய்விடும் என்ற மிரட்டல் சம்மதம் ஆகுமா என்று கேட்கிறார்கள். முடிவு தவறென்றால் யாரிடம் முறையிடுவது என்பது தெளிவாக இல்லை. வட கரோலினா மாநிலத் தணிக்கை அதிகாரி 2014-ல் இதைத்தான் சுட்டிக்காட்டினார். முறைகேடு எதுவும் கண்ணில் படவில்லை, ஆனால் நடந்தால் தடுக்க ஏற்பாடும் இல்லை என்று. நாம் நகலெடுப்பதானால் அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டு எடுக்கலாம்.

பிரிட்டன் கொஞ்சம் மென்மையான வழியில் போனது. 2000-ல் தக்ஷா எம்சன் என்ற இளம் மனநல மருத்துவரும் அவருடைய கைக்குழந்தையும் இறந்தார்கள். அவருக்கு நீண்ட நாளாக மனநோய் இருந்தது, தான் டாக்டர் என்பதாலேயே அதை மறைத்து வாழ வேண்டியிருந்தது என்பதை விசாரணை அறிக்கை பேசியது. 2008-ல் லண்டனில் கிளேர் ஜெராடா என்ற குடும்ப மருத்துவர் தலைமையில், டாக்டர்கள் யார் சிபாரிசும் இல்லாமல் நேரே வரக்கூடிய ரகசியச் சேவை தொடங்கியது. 2019-க்குப் பின் இங்கிலாந்து முழுக்க டாக்டர்கள் அதில் சேரலாம். குடிக்கும் போதைக்கும் மட்டுமல்லாமல் மனச்சோர்வுக்கும் அதே கதவு. உள்ளே போகிறவர் எதற்காகப் போகிறார் என்று வெளியே இருப்பவர் ஊகிக்க முடியாது. அது ஒரு சின்ன ஏற்பாடுதான், ஆனால் கெட்டிக்காரத்தனமானது.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது

நிறையவே இருக்கிறது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோயில் சேர்த்துத்தான் சொல்கிறது. அதன் 23-ம் பிரிவு சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. நோயாளி டாக்டராக இருந்தால் அந்த உரிமை இல்லை என்று எங்கேயும் எழுதவில்லை. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சொந்த உபயோகத்துக்கோ சிறிய அளவிலோ போதைப் பொருள் வைத்து வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. ஆஸ்பத்திரி மருந்தைத் திருடியதும் பதிவேட்டைத் திருத்தியதும் வேறு கணக்கு, அதற்கு இந்தப் பிரிவு குடை பிடிக்காது.

இல்லாதது மருத்துவக் கவுன்சில் பக்கம். 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளில் தவறு செய்த டாக்டரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வழி இருக்கிறது. நோயுற்ற டாக்டரைச் சிகிச்சைக்கு அனுப்பி, கண்காணித்து, திரும்ப வேலைக்குச் சேர்க்க வழி இல்லை. இதற்குப் பெரிய சட்டத் திருத்தம் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மாநிலக் கவுன்சில் ஒரு தனிக் குழுவை வைக்கலாம். அதில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கிறவர்கள் யாரும் இருக்கக் கூடாது. தானாக வந்த டாக்டரின் ஃபைல், அவர் ஒப்பந்தத்தை மீறும்வரை, அந்தக் குழுவை விட்டு வெளியே போகக் கூடாது. வந்த நாளிலிருந்து அவர் நோயாளியைத் தொடக் கூடாது. திரும்ப எப்போது தொடலாம் என்பதைக் குழு சொல்ல வேண்டும்.

அப்படியானால் போதையில் ஆபரேஷன் செய்தவரைக் காப்பாற்றச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். நோயாளிக்குத் தீங்கு நடந்திருந்தால் அதற்கு வழக்கு உண்டு, அதில் ரகசியம் எதுவும் இல்லை. நான் சொல்வது தீங்கு நடப்பதற்கு முந்தைய கட்டம். இப்போதுள்ள ஏற்பாட்டில் அந்தக் கட்டத்தில் இருக்கும் டாக்டர் எங்கே இருக்கிறார்? தியேட்டரில் இருக்கிறார், கையில் கத்தியோடு.

இன்னொரு கேள்வி எனக்கே உறுத்துகிறது. டாக்டருக்கு ஐந்து வருடக் கவனிப்பு, ஆட்டோக்காரருக்குச் சில வாரச் சிகிச்சையா? எய்ம்ஸ் மையம் நடத்தி மத்திய சமூகநீதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையே கிடைத்திருக்கிறது. டாக்டர்களின் கணக்கு நமக்குக் காட்டுவது இதைத்தான்: சர்க்கரை நோய்க்குச் செய்வதுபோல் வருடக்கணக்கில் தொடர்ந்தால் இந்த நோய் அடங்குகிறது. அதை டாக்டர்களிடம் தொடங்கினால், நாளைக்கு ஆட்டோக்காரரின் வைத்தியத்தை மூன்று வாரத்தில் முடித்து அனுப்ப அந்த டாக்டர்களுக்கே மனசு வராது என்று ஒரு நப்பாசை.

இன்றைக்கு எங்கே போவது

சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய அமைப்பு அது. குடும்பத்தையும் கூடவே உட்காரவைத்துச் சிகிச்சை கொடுப்பது அவர்கள் வழக்கம். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் உண்டு. உள்ளூரில் முகம் தெரியும் என்று தயங்குகிற டாக்டர்களுக்கு, பெங்களூரு நிம்ஹான்ஸின் போதை மருத்துவப் பிரிவு ஒரு ராத்திரி ரயில் தூரம். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசும். போதைக்கென்றே தேசிய உதவி எண் 14446. அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்காக 'மனம்' என்ற மன்றம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது. உங்கள் கல்லூரியில் அது நோட்டீஸ் போர்டில் மட்டும் இருக்கிறதா, ஆள் இருக்கிறதா என்று டீனிடம் கேட்க மாணவர்களுக்கு உரிமை உண்டு. ஏ.ஏ. கூட்டங்களில் முழுப் பெயரையோ தொழிலையோ யாரும் கேட்பதில்லை.

டாக்டர்கள் செய்யக் கூடாத ஒன்று, பெரும்பாலும் முதலில் செய்வது, ரூமைப் பூட்டிக்கொண்டு தானே நிறுத்திப் பார்ப்பது. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளில் நடுக்கம், அதோடு சிலருக்கு வலிப்பு, இரண்டு மூன்று நாளில் மனம் பேதலித்து உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். இதற்கு லிப்ரியமும் தயமினும் வேண்டும், பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். வார்டில் நூறு பேருக்கு இதைச் செய்தவர்தான், தனக்கு மட்டும் சனி ஞாயிறு லீவில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்.

சகா ஒருவரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் தனியாகப் போய்ப் பேச வேண்டாம். அவர் மதிக்கிற இரண்டு பேர் சேர்ந்து போகலாம். வதந்தியை விட்டுவிட்டுப் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். 'மச்சி, போன வியாழக்கிழமை ரவுண்ட்ஸ்ல உன் கை நடுங்கிச்சு. செவ்வாய்க்கிழமை கேஷுவால்டிலேர்ந்து மூணு தடவை போன் பண்ணியும் நீ எடுக்கல. நாளைக்குப் பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டாச்சு, நான் கூட வரேன்.' கோபம் வரும், சத்தியம் செய்வார், அழுவார். போக வேண்டிய இடத்தை முன்கூட்டியே பேசி முடித்து, அவருடைய தியேட்டர் லிஸ்ட்டை வேறு யார் எடுப்பது என்பதையும் முடிவு செய்த பிறகே இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும். குட்டு வெளிப்பட்ட முதல் சில மணி நேரம்தான் மிக ஆபத்தானது. அன்று ராத்திரி அவரைத் தனியாக விடக் கூடாது. மருந்து அலமாரிச் சாவி அவரிடம் இருக்கக் கூடாது, வண்டியும் வேறு ஒருவர் ஓட்ட வேண்டும்.